கஞ்சி வடிக்காத சோறு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பங்காளிகள், மாமன் மச்சான்கள், கம்பெனித் தோழர்கள், தெருவார் அனைவருக்கும் என் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் படித்தாலும் இதை நான் என் மூன்று மக்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவர்களுடைய அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது.

மக்களே, உங்கள் அம்மா சாமளாபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவர். தறியில் பாவு இருந்தால் களி, இல்லாவிட்டால் கூழ் என்கிற வீடு. அவரைப் பெற்ற உங்கள் அம்மாயி தறியில் உட்கார்ந்துவிடுவார் என்பதால் அடுப்பு சின்ன வயதிலேயே உங்கள் அம்மா கைக்கு வந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தபோது நான் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரே வரிசையில் ஆறு வீடுகள் இருந்த வளவில் ஒரு அறை எங்களுடையது. அதற்குள்ளேயே படுக்கை, அதற்குள்ளேயே அடுப்பு.

சந்தைக்கு அவர் எப்போதும் பொழுது சாயும் நேரத்தில்தான் போவார். கடைக்காரர்கள் சாக்கை மடிக்கும் நேரத்தில் கத்தரிக்காயும் தக்காளியும் கூறு கட்டி மலிவாகக் கிடைக்கும். ஓட்டை இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு நல்ல பாகத்தை எடுத்துக்கொள்வார். மழை பெய்தால் காட்டோரம் போய்ப் பண்ணைக்கீரை பறித்து வருவார். எண்ணெய் ஒரு கரண்டிக்கு மேல் செலவாகாது. ஆனால் தாளிப்பைக் கடைசியில் கொட்டி உடனே மூடிவிடுவார். "வாசம் ஊட்டுக்கு எதுக்குங்க, வட்டலுக்கு வரட்டும்" என்பார். எங்கள் கம்பெனியில் என் தூக்குப்போசியைத் திறந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

இப்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். உங்களில் மூத்தவர்கள் இருவருக்கும் லேசாக நினைவிருக்கலாம்.

அரிசி கிடைக்காமல் ஊரே ரேசன் கடையில் நின்ற காலம் அது. எனக்கு மாலையானால் காய்ச்சல், ஓயாத இருமல். பஞ்சுத் தூசு என்று விட்டுவிட்டேன். எச்சிலில் ரத்தம் வந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் டிபி என்றார். ஊசி தினமும் போட வேண்டும், அது ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும், சாப்பாட்டை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மாதம் ஒருமுறை எடை பார்ப்பார்கள். எடை ஏறினால் உடம்பு பிழைக்கிறது என்று அர்த்தம். எடை ஏறி, டாக்டர் சீட்டும் கொடுத்தால் என் மிஷினை எனக்கே தருவதாகக் கம்பெனி மேஸ்திரி சொல்லியிருந்தார்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் எல்லோரும் சோளச்சோறும் கம்பஞ்சோறும் தின்றாலும் நோயாளிக்கு நெல்லுச்சோறு போட வேண்டும். அதுதான் மரியாதை, அதுதான் மருந்து. உங்கள் அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். வரிசையில் நின்று, அங்கே இங்கே கேட்டு, எங்கிருந்தாவது வெள்ளை அரிசி கொண்டு வருவார். குழைய வேகவைத்துக் கஞ்சியைச் சுத்தமாக வடித்து, பூப்போல எனக்கு மட்டும் போடுவார். மேலே இளசான ரசம். அவரும் மூத்தவர்கள் நீங்கள் இருவரும் சோளச்சோற்றுக்குக் கொள்ளுக் கடைசலை ஊற்றிப் பிசைந்து தின்பீர்கள்.

இரண்டு மாதம் போனது. எடை ஏறவில்லை. இரண்டாம் மாதம் அரைப் பவுண்டு இறங்கியே இருந்தது.

அன்று உங்கள் அம்மா டாக்டரிடம் நேராகக் கேட்டார். "ஏனுங்க சாமி, நானும் புள்ளைங்களும் கொள்ளையும் சோளத்தையும் தின்னுட்டு நல்லாத்தான் இருக்கறோம். இவருக்கு மட்டும் நெல்லுச்சோறு வடிச்சு வடிச்சுப் போடறனுங்க. ஏனுங்க தேற மாட்டேங்கறாரு?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "வடிச்ச கஞ்சியை என்னம்மா பண்றே?"

"பக்கத்தூட்டு ராவுத்தரம்மா எருமைக்கு ஊத்தறனுங்க."

"எருமை எப்படி இருக்குது?"

உங்கள் அம்மா கொஞ்சம் யோசித்தார். "அது நல்லாத் தேறிருச்சுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் இருமலோடு சிரித்தேன். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அரிசிப் பானையை மேலே எடுத்து வைத்துவிட்டுக் கொள்ளுப் பானையைக் கீழே இறக்கினார்.

அடுத்த நாளிலிருந்து எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே சாப்பாடு. காலையில் மோர் ஊற்றிய கம்மங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். கொள்ளை ஊறவைத்துத் துணியில் கட்டி முளை விட்டதும் பூண்டு, சீரகம் போட்டு வேகவைப்பார். வெந்த தண்ணீர் ரசமாகும், கொள்ளு மத்தில் கடைந்து கடைசலாகும். ராகிக் களியில் முருங்கைக்கீரையை வதக்கிச் சேர்ப்பார். பொழுதுசாய வறுத்த நிலக்கடலை ஒரு கை, கருப்பட்டி ஒரு துண்டு. அரிசி கிடைத்த நாளில் மட்டும் அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே சட்டியில் போட்டு, தண்ணீரை அளந்து வைத்து, ஒரு சொட்டும் வடிக்காமல் இறக்குவார். கஞ்சி நின்றுபோனதும் ராவுத்தரம்மா வந்து கேட்டார்.

"ஏம்மா, எங்க எருமை என்ன தப்புப் பண்ணுச்சு?"

உங்கள் அம்மா நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாள் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார். அன்று மாலையிலிருந்து ஒரு லோட்டா மோர் தினமும் வந்தது. "கஞ்சி குடிச்ச கடன், எருமை அடைக்குது" என்று சொல்லித்தான் வைத்துவிட்டுப் போவார்.

எல்லாம் நன்றாகப் போனதாக நினைக்காதீர்கள். அந்த மாதம் எடை பார்க்க ஒரு வாரம் இருக்கும்போது குன்னத்தூரிலிருந்து என் அக்கா, உங்கள் பெரியத்தை, உங்கள் அம்மாவுக்கு நங்கையா, ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். நான் களியும் கொள்ளும் தின்றுகொண்டிருந்தேன்.

"ஏம்மிணி, இதென்ன கண்றாவி? குதிரைக்குப் போடறதை நோவுல கெடக்கறவனுக்குப் போடறயா? எங்கூட்டுல நாய் கூட நோம்பிக்கு நெல்லுச்சோறு திங்குது."

"டாக்டர் சொன்னாருங்க நங்கையா."

"டாக்டரு களி திங்கச் சொன்னாரா?"

"அப்படிச் சொல்லலீங்க. நானா யோசிச்சனுங்க."

"யோசிச்சாளாம். என் தம்பி உசுரு இவளுக்கு யோசிக்கறதுக்கு ஆச்சு."

வளவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் அம்மாவுக்காகப் பேசியிருக்க வேண்டியவன் நான். பேசவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அக்கா சொல்றதுதான் சரி, எனக்குச் சோறு ஆக்கு" என்றேன்.

அவர் அழவில்லை. எதிர்த்துச் சத்தமும் போடவில்லை. தட்டை எடுத்து மீண்டும் என் முன்னால் வைத்தார். "இன்னும் ஒரு வாரம் இதையே தின்னுங்க. எடை ஏறலீன்னா நங்கையா கொண்டாந்த அரிசியவே பொங்கிப் போட்டுட்டு, நான் எங்கூருக்குப் போயிர்றனுங்க. புள்ளைங்களை நங்கையாவே பாத்துக்கட்டும்" என்றார்.

உங்கள் அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். பிழைப்பேனா என்பது ஒன்று, இவர் இருப்பாரா என்பது இன்னொன்று. இரண்டும் அந்த எடை மிஷினில் தொங்கின. அந்த வாரம் முழுவதும் நான் வாய் திறக்காமல் தின்றேன். உங்கள் பெரியத்தை கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார், யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்க.

ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். கம்பவுண்டர் குண்டை நகர்த்தினார், நின்றது, மறுபடியும் நகர்த்தினார். மூன்று பவுண்டு ஏறியிருந்தது. டாக்டர் சீட்டில் எழுதிவிட்டு, "இதே மாதிரி போங்க" என்றார். ஊசியும் வேலை செய்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊசி அதற்கு முந்தின இரண்டு மாதமும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

திரும்பும் வழியில், பாதி தூரம் வந்த பிறகு, உங்கள் பெரியத்தை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே கேட்டார். "அம்மிணி, அந்தக் கொள்ளு முளைகட்டறதுக்கு எத்தனை நேரம் ஊறோணும்?"

"ராத்திரி போட்டா விடிஞ்சா எடுத்தர்லாமுங்க நங்கையா" என்றார் உங்கள் அம்மா. அவ்வளவுதான் சண்டை.

அதற்குப் பிறகு மாதாமாதம் ஏறியது. டாக்டர் சீட்டு கொடுத்தார், என் மிஷினில் மறுபடியும் நின்றேன். உங்கள் அம்மா அதைப் பெரிதாக யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. வளவில் பிள்ளை பெற்றவர்கள், காய்ச்சலில் கிடந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் அவருடைய கொள்ளு ரசம் போனது. நோயாளிக்கு எது மரியாதை என்று யாராவது ஆரம்பித்தால், "மரியாதையை அப்பறம் பண்ணலாம், மொதல்ல எந்திரிக்கட்டும்" என்பார்.

போன வருடம் காமாலை வந்து பதினேழு நாளில் போய்விட்டார். கடைசி நாட்களில் அவருக்கு எதுவும் இறங்கவில்லை. நான் ஆக்கியதை ஒரு வாய் வாங்கிவிட்டு, "உப்பு பத்தலீங்க, புள்ளைங்களுக்குச் சேத்திப் போடுங்க" என்றார். அவரிடம் நான் அன்று தட்டைத் தள்ளியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. புருசன் பெண்டாட்டிக்குள் அதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டேன். அது தவறு. எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதிவிட்டேன்.

மாறுதலாகிப் போய்விட்ட அந்த டாக்டருக்கும், மிஷினைக் காத்து வைத்த மேஸ்திரிக்கும், மோர் கொடுத்த ராவுத்தர் வீட்டு அம்மாவுக்கும், கடைசி நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட உங்கள் பெரியத்தைக்கும், காரியத்துக்கு வந்து தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பெரியத்தை இதைப் படித்துக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர்தான் எழுதச் சொன்னார்.

சின்னக்கண்ணு, இந்த மலருக்கு எழுத உட்கார்ந்த என்னிடம் நீ, "அம்மா எப்பவும் அடுப்படியிலயேதானுங்கப்பா இருந்தாங்க, அதுல என்ன எழுதுவீங்க?" என்று கேட்டாய். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டதில் தப்பில்லை. நீ பிறந்தது எனக்குக் காய்ச்சல் விட்டு இரண்டாம் வருடம், கண்ணு.