தோத்தவங்கதான் எழுதணும்

டார்ட்ஸ் போட்டியில ஸ்கோர் சொல்ற வேலை இருக்கே, அதுல நாள் முழுக்கச் சரியாச் சொன்னா யாருக்கும் நம்ம பேர் தெரியாது. ஒரே ஒரு தடவை தப்பாச் சொன்னா பார்க்கிங் லாட் வரைக்கும் பேர் பரவிடும். கல்யாண ரிசப்ஷன்ல மைக்கைப் பிடிச்சு மாப்பிள்ளை பேரை மாத்திச் சொன்ன அனுபவம் உங்கள்ல யாருக்காவது இருந்தா, வாங்க, நாம ஒரே கட்சி.

திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் டெக்ஸாஸ்ல, ரிச்சர்ட்சன்ங்கிற ஊர்ல ஒரு கம்பெனியில அடுத்தவங்க எழுதின சாஃப்ட்வேர்ல தப்பு கண்டுபிடிக்கிறது என் வேலை. சனிக்கிழமை வந்தா நான் தப்புப் பண்ணாம இருக்கிறது என் வேலை. ரெண்டாவதுக்குத்தான் பி.பி. மாத்திரை.

பழைய வாய்ப்பாடு

ஆட்டம் ரொம்ப சிம்பிள். ஆளுக்கு ஐந்நூத்தி ஒண்ணு. மூணு மூணு அம்பா எறிஞ்சு, விழுந்த நம்பரைக் கழிச்சுக்கிட்டே வந்து சரியா பூஜ்யத்துல முடிக்கணும். கடைசி அம்பு போர்டு ஓரத்துல இருக்கிற மெல்லிசு வளையத்துல, அதான் நம்பர் ரெண்டு மடங்காகற டபுள்ல, விழுந்தாகணும். வளையத்தைச் சுத்தின கம்பிக்கு வெளியில நூலளவு போனாலும் செல்லாது. நான் போர்டு பக்கத்துல மைக்கோட நின்னு எத்தனைன்னு சொல்லணும்.

இதுல எப்படி மாட்டினேன்னு கேக்கறீங்களா? என் வீட்டுக்காரர் சேவியர் வியாழக்கிழமை ஆபீஸ் நண்பர்களோட டார்ட்ஸ் ஆடுவார். ஒரு நாள் ஸ்கோர் போடற டேப்லெட் செத்துப்போச்சு. தூத்துக்குடியில எட்டாங்கிளாஸுக்குக் கணக்கு எடுத்தவ நான், சும்மா இருப்பேனா? மனசுக்குள்ள தமிழ்ல கழிச்சு வாயால இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டே போனேன். அன்னிக்குப் பிடிச்ச சனி, இந்த வருஷம் ஹோட்டல் பால்ரூம்ல நடந்த நாக்-அவுட் வரைக்கும் கொண்டுவந்து விட்டுடுச்சு. அறுபத்துநாலு புரொஃபஷனல் ஆட்டக்காரங்க. ஒரு தோல்வி, மூட்டை கட்டிட வேண்டியதுதான்.

தலைமை நடுவர் டெனிஸ், கறாரான பொம்பளை, எனக்கு ஒரு வாக்குக் குடுத்திருந்தா. செமி ஃபைனல் வரைக்கும் ஓரத்து போர்டுல நான் தப்பில்லாம சொன்னா, ஃபைனலுக்கு மேடை மைக் எனக்கு. சிரிக்காதீங்க, எனக்கு அது பெரிய விஷயம். பதினெட்டு வருஷமா இந்த ஊர்ல நான் சேவியர் வைஃப், ரீனா அம்மா. என் வாயிலேருந்து வர்றதுதான் முடிவுன்னு இருக்கிற ஒரே இடம் இதுதான். ஆசை ஆசையா காலையில எட்டு மணிக்கே போய் நின்னேன். டெனிஸ் என் கையில மைக்கைக் குடுத்துட்டுச் சொன்னா: "ஸ்டெல்லா, எனக்குத் தப்புகளை ஒண்ணு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்."

வாயில வந்த விடை

முதல் சுற்று, இரண்டாவது ஆட்டம். ஒரு பையனுக்கு எண்பத்தேழு பாக்கி. எறிய வந்து நின்னவன், திடீர்னு கல்லாட்டம் நின்னுட்டான். என்ன பாக்கின்னு என்னைக் கேட்டான். பாக்கியைச் சொல்லலாம், எதுல எறியணும்னு சொல்லவே கூடாது. அது ரூல். "எண்பத்தேழு"ன்னு சொன்னேன். அவன் நகரலை.

டீச்சரா இருந்தவங்களுக்கு என் வேதனை புரியும். போர்டு முன்னால ஒரு பிள்ளை முழிச்சுக்கிட்டு நின்னா விடை தானா நாக்கு நுனிக்கு வந்துடும். ட்ரிபிள் பதினேழு அம்பத்தொண்ணு, டபுள் பதினெட்டு முப்பத்தாறு, முடிஞ்சுது! "ட்ரி"ன்னு மைக்ல பாதி வந்தேபோச்சு. அப்படியே அதை இருமலா மாத்தி, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் இருமினேன். டெனிஸ் தூரத்துல தலையைத் தூக்கிப் பார்த்தா. அந்தப் பையன் எதையோ எறிஞ்சு, எப்படியோ ஜெயிச்சு, போகும்போது மெதுவா சொன்னான்: "மேடம், அடுத்த தடவை இருமறதா இருந்தா முழுசா இருமுங்க."

போயிட்டு வாங்க

ராய்னு ஒருத்தர், வேகோ ஊர்லேருந்து வந்த பிளம்பர், அறுபது வயசு இருக்கும். முதல் சுற்றுலயே தோத்துட்டார். தொங்கின முகத்தோட பையை எடுத்தவரைப் பார்த்ததும் மனசு கேக்கலை. நம்ம வீட்டுல யாரையாவது "போ"ன்னு சொல்லுவோமா? வாய் தவறி இங்கிலீஷ்லயே சொல்லிட்டேன், "கோ அண்ட் கம்"னு. மனுஷன் செவந்துட்டார். "எங்கே வர்றது? நான் அவுட்!"னு கத்திட்டு நேரா டெனிஸ் மேஜைக்குப் போனார்.

புகார் குடுக்கப் போறார்னு முடிவே பண்ணிட்டேன். அடுத்த ரெண்டு நிமிஷத்துல எத்தனை அருள் நிறைந்த மரியே சொன்னேன்னு மாதாவுக்குத்தான் தெரியும். ஆனா டார்ட்ஸ்ல ஒரு பழைய வழக்கம்: தோத்தவங்கதான் அதே போர்டுல அடுத்த ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதணும். அதைக் கேக்கத்தான் போயிருக்கார். ராய் திரும்பி வந்து என் பக்கத்துல நாற்காலியைப் போட்டார். நான் மன்னிப்புக் கேட்டு, போறவங்ககிட்ட எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம், திரும்பி வரணும்னு ஆசைப்பட்டுச் சொல்றதுன்னு விளக்கினேன். பேனாவைத் திறந்துக்கிட்டே சொன்னார்: "நீங்க சொன்னது இவ்வளவு சீக்கிரம் பலிக்கும்னு நான் எதிர்பார்க்கலை."

அவரோட எழுத்தும் சுத்தம், கணக்கும் சுத்தம். அதனால நாள் பூரா அவரையே என் போர்டுல வெச்சுக்கச் சொல்லி டெனிஸ் விட்டுட்டா.

எலுமிச்சை சாதம்

மத்தியானம் ரீனா டப்பாவோட வந்தா. யுனிவர்சிட்டியில படிக்கிறா, நான் தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் வரும். எலுமிச்சை சாதத்தை ரெண்டு வாய்க்கு மேல இறக்க முடியலை. கால் இறுதி முடிஞ்சிருந்துச்சு, இன்னும் ஒரே ஆட்டம். "ரீனா, பி.பி. மாத்திரை கொண்டுவந்தியா?"ன்னு கேட்டேன். மாத்திரையை எடுத்துக் குடுத்துட்டு, ஒரு அப்பளத்தை உடைச்சு வாயில போட்டுக்கிட்டுச் சொன்னா: "அம்மா, யூ ஆர் நாட் ஈவன் பிளேயிங்!"

டபுள் பதினாறு

செமி ஃபைனல். ஹூஸ்டன்லேருந்து வந்த ஸ்கூல் பஸ் டிரைவர் ஹெக்டர் ஒரு பக்கம், கெவின்னு ஒருத்தர் இன்னொரு பக்கம். கடைசி ஆட்டம், ஹெக்டருக்கு முப்பத்திரண்டு பாக்கி. டபுள் பதினாறு விழுந்தா ஃபைனல். முதல் ரெண்டு அம்பும் கம்பியை ஒட்டி வெளியில விழுந்துச்சு. மூணாவது அந்த ரெண்டுக்கும் நடுவுல போய்ச் செருகிச்சு. என் கண்ணுக்கு உள்ளேன்னு பட்டுச்சு. இல்லை, பட்டுச்சுன்னு சொல்றது பொய். சீக்கிரம் முடியணும்னு எனக்குள்ள ஒரு அவசரம். "கேம் ஷாட்!", அதாவது ஆட்டம் முடிஞ்சுதுன்னு கத்திட்டேன்.

கூட்டம் எழுந்திரிச்சுது. ஹெக்டர் பெஞ்சாதியைக் கட்டிப்பிடிச்சார். கெவின் கை குடுக்க வந்தார். அப்பத்தான் ஒரு எட்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். அம்பு கம்பிக்கு வெளியில இருக்கு. நூலளவுதான், ஆனா வெளியில. ராய் பேனாவைத் தூக்கி வெச்சுக்கிட்டு என்னையே பார்த்தார். ஹெக்டர் அம்பைப் பிடுங்க வர்றார். பிடுங்கிட்டா யாருக்குமே தெரியாது. ஆண்டவரே, மேடை மைக் அந்தப் பக்கம் பளபளன்னு நிக்குது. அஞ்சாறு விநாடி நான் நல்லவளா இல்லை, அதையும் சொல்லிடறேன்.

"தொடாதீங்க!" தமிழ்லதான் வந்துச்சு. டெக்ஸாஸ் முழுக்க உறைஞ்ச மாதிரி ஹெக்டர் கை நின்னுடுச்சு. டெனிஸை வரவழைச்சுக் காட்டினேன், மைக்ல என் தப்புன்னு சொன்னேன். கெவின் வந்து தன்னோட நாப்பதை டபுள் இருபதுல ஒரே அம்புல முடிச்சுட்டார். ஹெக்டர் அவுட். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அவரே கிட்ட வந்து சொன்னார்: "வெளியிலதான் விழுந்துச்சுன்னு எனக்கும் தெரிஞ்சுது மேடம், நீங்க கத்தினதும் என் கண்ணைவிட உங்களை நம்பிட்டேன்."

என் முறை

ரெஸ்ட்ரூம்ல போய் முகத்தைக் கழுவிட்டு, கழுத்துல தொங்கின பேட்ஜைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுத்தான் டெனிஸ்கிட்டப் போனேன். வாக்கு வாக்குதான், மைக்கை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டா. நான் திரும்பி நடந்தப்போ கூப்பிட்டா. "எங்கே போறே? தோத்தவங்க எழுதணும்ல? ஃபைனலுக்கு ஸ்கோர் போர்டுல நீதான்."

பேட்ஜை அவ மேஜையிலயே விட்டுட்டு மேடை ஏறினேன். மைக் இல்லை, கையில வெறும் பேனா. ஆனா அன்னிக்கு அந்த ஹால்ல இருந்த எல்லாரும் ஒவ்வொரு அம்புக்கும் நான் எழுதற நம்பரைத்தான் பார்த்தாங்க. கெவின் ஜெயிச்சார். ஒரு கழித்தல்கூடத் தப்பலை. இறங்கி வரும்போது படிக்கட்டுக்குக் கீழே ராய் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, வேகோவுக்குக் கிளம்பாம எனக்காக நின்னுக்கிட்டிருந்தார். நான் டெனிஸ் மேஜையில விட்டுட்டுப் போன பேட்ஜைத் திரும்ப என் கழுத்துலயே மாட்டிவிட்டுட்டுச் சொன்னார்: "கோ அண்ட் கம், ஸ்டெல்லா."

எறிஞ்சதும் அவங்க, ஜெயிச்சதும் அவங்க, தோத்ததும் அவங்க, பி.பி. மாத்திரை மட்டும் எனக்கு.