ஐஸ் ஆலைக்குப் பின்னால் இருந்த கிணறு

காய்ச்சல் ஒன்று வந்து போன பிறகு எனக்கு மணம் தெரியாமல் போனது. இரண்டு மாதத்தில் திரும்பிவிடும் என்றார்கள். இரண்டு வருடமாகியும் திரும்பவில்லை. நிலத்துக்குள் எரிபொருள் கசிந்திருக்கிறதா என்று மண்ணையும் கிணற்று நீரையும் சோதிப்பது என் வேலை. தோண்டி எடுக்கும் ஒவ்வொரு பிடி மண்ணையும் முகர்ந்து பார்த்து எழுத எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. என் நிலைமையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, மண்ணின் நிறத்தைப் பார்த்தே அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கையில்தான் என்னை மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். வாவிக்கரையோரம் ஒரு பழைய ஐஸ் ஆலை கைமாற இருந்தது. அங்கே நிலத்துக்குள் புதைத்திருந்த டீசல் தாங்கி ஒழுகுகிறதா என்று வாங்குபவர் பார்க்கச் சொல்லியிருந்தார். நாவற்குடாவில் ஓர் அறை எடுத்தேன். அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஆலையில் வேலை செய்தவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் எதையாவது கண்டுபிடித்தால் ஆலையை மூடிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. மத்தியானச் சோற்றுப் பொதியை மதிலோரம் தனியே இருந்து பிரிப்பேன். உள்ளே மீனா பருப்பா என்று கண்ணால் பார்த்துத்தான் அறிவேன்.

தாங்கியைச் சுற்றி நான்கு இடத்தில் துளையிட்டேன். ஆறடியில் தண்ணீர் வந்தது. தெளிவாகத்தான் இருந்தது.

"நான் முதலே சொன்னேனே மிஸ், தாங்கியில ஒரு பிழையும் இல்ல," என்றார் மேலாளர்.

எண்ணெய் ஆவியை அளக்கும் கருவி பழுதாகிக் கொழும்பில் கிடந்தது. மணம் இல்லை என்று நான்கு முறை எழுதினேன்.

நான்காம் நாள் பின்மதிலுக்கு மேலால் ஓர் அம்மா கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும். ஆலைக்கும் வாவிக்கும் இடையில் அவருடைய வீடும் அதைச் சுற்றிய வளவும், சீதனமாக வந்தவை. கணவர் இறந்த பிறகு அங்கே தனியாக இருந்தார்.

"தண்ணி பார்க்கிற ஆளா புள்ள? என்ட கிணத்தையும் ஒருக்காப் பாருங்க. மண்ணெண்ணெய் மணக்குது."

"எப்ப இருந்து?"

"போன மாரிக்கு முந்தியே. ஒருத்தரும் நம்புறாங்க இல்ல. மகன் கட்டார்ல இரிக்கான். 'உங்கட மனசுதான் அம்மா' எண்டுறான். பக்கத்து வீட்டாக்களும் அப்படித்தான். அவங்கட கிணத்துல மணம் இல்ல."

அவர் வாளியில் அள்ளித் தந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எல்லாரும் அவருக்குச் சொன்ன பதில் அதுதான்.

"எனக்கு மணம் தெரியாதம்மா," என்றேன். வீட்டாருக்குக்கூட நான் சொல்லாத விஷயம்.

அவர் சிரிக்கவில்லை. "ஒண்டுமே தெரியாதா? கருவாடு பொரிச்சாலும்?"

"தெரியாது."

"ஐயோ புள்ள." சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "சரி, நீங்க தோண்டுங்க. நான் மணந்து பார்த்துச் சொல்றன்."

மறுநாள் அவருடைய வளவுக்குள் மதிலோரமாகத் துளையிட்டோம். மணல் நிலம், துளைக்கும் கருவி இலகுவாக இறங்கியது. ஒவ்வொரு பிடியையும் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். "இல்ல," என்பார். மூன்றாவது குழியில், ஐந்தடி ஆழத்து மண்ணை முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுதான். இதே மணம்தான்."

எனக்கு அது வெறும் ஈர மண்ணாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டி, கண்ணாடி போன்ற குழாய் ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கித் தூக்கினேன். தண்ணீருக்கு மேலே விரல் தடிப்பில் மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. அவர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல," என்றார்.

அந்த இடத்துக்கு நேரே ஆலைப்பக்கம் தோண்டியபோது, தாங்கியிலிருந்து ஜெனரேட்டர் அறைக்குப் போகும் இரும்புக் குழாய் தென்பட்டது. அதன் மூட்டு ஒன்று துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது. நிலத்தடி நீர் அங்கே வாவியை நோக்கி நகர்வதால் டீசல் நேரே அவருடைய வளவுக்குள் போயிருக்கிறது. மேலாளர் குழியருகே வந்து நின்றார். "குழாய நான் யோசிக்கல்ல மிஸ்," என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை.

ஆய்வுகூடமும் கிணற்றில் டீசல் இருப்பதை உறுதிசெய்தது. அம்மா மகனுக்குத் தொலைபேசி எடுத்து, "நீங்களே சொல்லுங்க," என்று என் கையில் தந்தார். சொன்னேன்.

"சரி மிஸ். அந்தத் தண்ணியப் பாவிக்க வேணாம் எண்டு சொல்லுங்க. நான் வேலையில நிக்கிறன்," என்று வைத்துவிட்டார்.

"என்ன சொன்னான்?"

"கவனமா இருக்கச் சொன்னார்," என்றேன்.

ஆலை குழாயை மாற்றியது. கெட்ட மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். அம்மாவுக்குக் குழாய்த் தண்ணீர் இணைப்புக் கிடைத்தது. கிணற்றை மூடிய அன்று அவர் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன். "பிறகு வாங்க புள்ள," என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

கொழும்புக்குத் திரும்பியதும் மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். நான் முன்பு நிரப்பிய படிவங்களையும் எடுத்துக் கொடுத்தேன். சில இடங்களை மறுபடி சோதிக்க வேண்டி வந்தது. வேலை போகவில்லை, ஆனால் இப்போது என்னை வெளியே அனுப்புவதில்லை. மற்றவர்கள் எழுதி அனுப்பும் படிவங்களை மேசையில் இருந்து சரிபார்க்கிறேன்.

அம்மா சில ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார்.

"அக்கம்பக்கத்தாக்கள் இப்ப போத்தல்ல தண்ணி கொண்டு வாறாங்க புள்ள, மணந்து பார்க்கச் சொல்லி," என்றார் ஒருமுறை. "முந்தி ஒருத்தரும் வந்ததில்ல. இப்பவும் கேட்டுப்போட்டு உடனே போயிருவாங்க. இருந்து கதைக்க மாட்டாங்க."

"இண்டைக்கு என்ன சமைச்சீங்கம்மா?" என்று கேட்டேன். கருவாடு பொரித்ததாகச் சொல்லிவிட்டு, அதன் மணம் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தொடங்கினார்.