சத்தம் நின்ற வண்டி

தேயிலை விலை படுத்துவிட்ட காலம் அது. எங்கள் சரிவில் பாதிப் பேர் இலை பறிப்பதையே நிறுத்தியிருந்தார்கள்; செடியெல்லாம் மரமாகிக்கொண்டிருந்தது. அப்பா மட்டும் விடவில்லை. அம்மாவையும் சித்தப்பாவையும் சேர்த்துக்கொண்டு ஒரு ஜீப் நிறைய இலை பறித்துவிட்டார். குன்னூர்ப் பக்கத்து ஃபேக்டரி அதை எடுத்துக்கொண்டால் குத்தகைத் தோட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மலையை விட்டு இறங்கி, குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகவேண்டியதுதான். வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

பள்ளிக்கூடம் லீவு என்று நானும் ஏறிக்கொண்டேன். முதல் வளைவு திரும்பும்போதே வண்டிக்குள் எங்கோ ஒரு முனகல் கிளம்பியது.

"பேரிங் போச்சு," என்றார் அப்பா.

பின்னால் சாக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த சித்தப்பா விடவில்லை. "பேரிங்னா ஊளையில்லீங்ண்ணா போடும்? இது பல்லுவலிக்காரன் மாதிரியில்ல முனகுது!"

இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். டீசல் மிச்சம். அன்றைக்கு அதுவே சோதனையும் ஆயிற்று. எஞ்சின் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. "எஞ்சின்ல இல்லைங்கறது மட்டும் தெரிஞ்சு போச்சு," என்று அப்பா கொஞ்சம் தெம்பானார். தகரத் தரையில் காது வைத்துக் கேட்பது என் வேலை.

"அடைக்கோழி மாதிரி கேக்குதுப்பா."

உடனே வண்டி நிற்கும். அப்பா இறங்கி ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்ப்பார். நின்றபோது எந்தச் சக்கரமும் வாய் திறக்கவில்லை. வண்டி ஊர்ந்து ஊர்ந்து வெலிங்டன் தாண்டும்போது, பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் டீ கிளாஸும் கையுமாகக் கூடவே நடந்து வந்து காது கொடுத்தார். "என்னமோ சொல்ல வருதுங்க. நீங்க நிறுத்தி நிறுத்திக் கேட்டா அது எப்படிச் சொல்லும்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுத்தி அடைத்த பச்சை இலை நேரம் போகப் போகச் சூடேறி வெந்துபோகும். "அண்ணா, மூட்டைக்குள்ள கையே வெக்க முடியல. சத்தத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

"அச்சு முறிஞ்சுதுன்னா இலையும் போகும், வண்டியும் போகும், நம்ம புள்ளையும் போகும். சும்மா இருடா."

ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து வந்த சூப்பர்வைசர் எங்கள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "அரைச்ச தூளே விக்காம குடோன்ல கெடக்குதுங்க. இலை எடுக்கறதில்லை."

"ஏனுங்க, கொஞ்சம் வெள்ளெனவே வந்திருந்தா எடுத்திருப்பீங்களா?" என்று கேட்டார் அப்பா.

"விடிய வந்து நின்னவங்களையே திருப்பி அனுப்பிட்டமுங்க."

தாமதம் என்று அவர் சொல்லியிருந்தால் ஜீப்பைத் திட்டவாவது அப்பாவுக்கு ஒரு வழி இருந்திருக்கும். அதுவும் இல்லாமல் போயிற்று.

வெந்த இலையை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? ஒரு வளைவில் நிறுத்தி மூட்டைகளை அவிழ்த்துப் பள்ளத்தில் கொட்டினார்கள். ஓரத்தில் தங்கிய குவியலைக் காலால் உதைத்து உதைத்துத் தள்ளினேன். வெதுவெதுவென்று இருந்தது. அந்த லீவில் அத்தனை நல்ல விளையாட்டு எனக்கு வேறு கிடைக்கவில்லை.

திரும்ப ஏறும்போது வண்டியில் முனகலே இல்லை. நான் கைதட்டினேன். சித்தப்பா மெதுவாகச் சொன்னார்: "பாரத்துல பாடி அமுங்கி டயர்ல உரசியிருக்குதுங்ண்ணா. அவ்வளவுதான்." அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். பின்னால் கிடந்த வெறுஞ்சாக்குகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "எடுத்துக்கிட்டாங்களா?"

அப்பா கால் கழுவப் போய்விட்டார். சித்தப்பா சாக்கை உதறினார். நான்தான் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். இலையையெல்லாம் பள்ளத்தில் தள்ளியது நான், வண்டி சரியாகிவிட்டது, இனிமேல் இதிலேயே திருப்பூருக்குப் போகலாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவ்வளவு நல்ல சேதிக்கு, என் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை அம்மா ஏன் எடுத்துக்கொண்டாள் என்று எனக்குப் புரியவே இல்லை.