என் பெயரில் குடியிருந்தவள்

என் கணவனை நான் கையும் களவுமாகப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான். விமானப்படையில் எந்தத் தளம் எந்தக் கமாண்டின் கீழே வரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லிக்கொடுத்தவனும் அவனேதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். வயதாகிவிட்டது என்பதற்காக அதை மறைக்கப் போவதில்லை.

எழுபதுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அவன் விமானப்படையில் என்ஜின் மெக்கானிக், கார்ப்பரல். இருபது நாள் லீவில் திருவண்ணாமலைக்கு வந்து தாலி கட்டினான். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, தேரடித் தெருவில் மாடியில் இருந்த இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் ஹையர் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் அவனை 'அவர்' என்றுதான் நினைப்பேன், சொல்வேன். இப்போது எழுதும்போது அந்த 'ர்' வரமாட்டேன் என்கிறது.

லீவு முடிவதற்குள் ஒரு நாள் விடிகாலையில் இருவரும் மலை சுற்றக் கிளம்பினோம். இன்றைய கூட்டம் அன்றைக்கு இல்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிவிட்டால் மாட்டு வண்டியும் ஒன்றிரண்டு சாமியார்களும்தான். வழியெல்லாம் அவன் தன் படையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். புதுப் பெண்டாட்டி வாயைப் பிளந்து கேட்டால் எந்த ஆணும் பேசுவான்.

"இங்க திசைக்கு ஒரு லிங்கம் இருக்குதில்ல? எங்களுக்கும் அப்படித்தான். மேற்குக்கு ஒரு கமாண்டு, கிழக்குக்கு ஒண்ணு, நடுவுக்கு ஒண்ணு. கிழக்குக்கு ஆபீசு ஷில்லாங்ல. இந்த மூணும் சண்டைக்கு. மீதி ரெண்டுக்குத் திசையே கெடையாது, வேலைதான். ரிப்பேருக்கெல்லாம் நாக்பூரு. பசங்களுக்குப் பயிற்சி குடுக்கற ஸ்டேஷன் எங்க இருந்தாலும் சரி, அதுக்குப் பெரிய ஆபீசு பெங்களூரு."

"ஒரு கமாண்டு ஆபீசரு இன்னொரு கமாண்டுக்குள்ள போக மாட்டாருங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க அவங்க கோயிலுக்கு அவங்க அவங்க தர்மகர்த்தா. வருஷா வருஷம் ஆய்வுக்கு வர்ற பெரியவரு, அந்த ஸ்டேஷன் எந்தக் கமாண்டோ அங்கேருந்துதான் வருவாரு. வேற எவன் வந்து கேள்வி கேட்டாலும் சல்யூட் அடிச்சுட்டு டீ குடுத்து அனுப்பிச்சிடுவோம்."

கமாண்டுக்குக் கீழே விங், அதற்குக் கீழே ஸ்குவாட்ரன் என்று அடுக்கிக்கொண்டே போனான். யார் எங்கே மாற்றலாகிப் போனாலும், அத்தனை பேருடைய பதிவேடும் டெல்லியில் ஒரே அலுவலகத்தில் இருக்கும் என்றான். கல்யாணம் ஆனதும் என் பெயரை அங்கே மனைவி என்று பதிந்துவிட்டதாகச் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசியாக ஒன்று சொன்னான். "கீழேருந்து மேல போற காகிதம் வழியிலயே செத்துடும். மேலேருந்து கீழ வர்ற காகிதத்துக்குப் பதில் எழுதாம எவனும் தூங்க முடியாது." இந்த ஒரு வரிக்காக அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அவன் அஸ்ஸாமுக்குப் போனான். எல்லையோரத் தளம், குடும்பத்தைக் கூட்டிப்போக அனுமதி இல்லை. நான் மாமனார் வீட்டிலேயே இருந்தேன். ஹையர் பாஸ் பண்ணி தாலுகா ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மாதம் இரண்டு கடிதம் வரும். உறையில் ஊர்ப்பெயர் இருக்காது. படைக்கென்றே இருக்கும் தபால் அலுவலகத்தின் எண்ணும் முத்திரையும் மட்டும் இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவான், மாமியாருக்குக் கம்பளியும் அஸ்ஸாம் டீத்தூளும் எடுத்துக்கொண்டு. நான்காவது வருஷமும் அதே கம்பளி, அதே டீத்தூள். "இன்னும் மாத்தலு கெடைக்கலைங்களா?" என்று கேட்டால், "ஆளு கம்மி, விட மாட்டேங்கறாங்க" என்பான்.

ஒரு நாள் ஒரு கடிதம் வந்தது. ஆய்வு நடந்ததாம், ஒரு வாரம் முதுகு ஒடிந்ததாம். பாதையோரத்துக் கல்லுக்கும் மரத்துக்கும் கோயில் மதில் மாதிரி காவியும் வெள்ளையும் அடித்தார்களாம். 'பெங்களூரிலிருந்து வந்த பெரியவர் எங்கள் பிரிவைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னார்' என்று பெருமையாக எழுதியிருந்தான்.

மாமியாருக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தவள் அந்த வரியில் நின்றுவிட்டேன். அஸ்ஸாமில் இருப்பவனை ஆய்வு செய்ய ஷில்லாங்கிலிருந்தல்லவா வர வேண்டும்? பெங்களூர்க்காரருக்கு அங்கே என்ன வேலை?

பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் பரப்பினேன். முதல் இரண்டு வருஷக் கடிதங்களில், உள்ளே அவன் போட்ட தேதிக்கும் வெளியே விழுந்த முத்திரைக்கும் ஒரு நாள்தான் வித்தியாசம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றிலும் ஏழெட்டு நாள். எங்கிருந்தோ எழுதி அஸ்ஸாமில் இருக்கும் ஒரு சிநேகிதனுக்கு அனுப்புகிறான். அந்தச் சிநேகிதன் அங்கிருந்து எனக்குத் தபாலில் போடுகிறான். டீத்தூளும் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுடைய சர்வீஸ் எண்ணைப் போட்டு டெல்லிப் பதிவு அலுவலகத்துக்குப் பணிவாக ஒரு கடிதம் டைப் செய்தேன். கணவருக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை, இப்போதைய தளம் எது என்று தெரிவிக்கவும். ஆபீஸ் முகவரிக்கே பதில் கேட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பயிற்சித் தளத்தின் பெயர் இருந்தது. இங்கிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அதற்கு அடுத்த வரியை நான் மூன்று முறை படித்தேன். 'எங்கள் பதிவுகளின்படி தாங்கள் மேற்படி தளத்தின் குடும்பக் குவார்ட்டர்ஸில் தங்கள் கணவருடன் வசித்து வருகிறீர்கள். ஆகவே தங்கள் கடிதத்தின் காரணம் விளங்கவில்லை.'

எனக்கு விளங்கிவிட்டது. குவார்ட்டர்ஸ் வேண்டுமென்றால் பதிவேட்டில் இருக்கும் மனைவி வந்தாக வேண்டும். பதிவேட்டில் இருப்பது என் பெயர். ஆகவே வேறொருத்தியை என் பெயரில் குடிவைத்துவிட்டான். என் புருஷனை ஒருத்தி எடுத்துக்கொண்டாள் என்றால் அழுதிருப்பேன். என் பெயரையுமா?

ஆபீசில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலில் கார்ட்ரூம். "யாரைப் பார்க்கணும்?" என்றான் காவலுக்கு இருந்தவன். என் வாயால் என் பெயரையே சொன்னேன். பார்க்க வந்தவர் என்ற இடத்தில் என் கணவனுடைய சித்தப்பா மகளின் பெயரை எழுதினேன். அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போயிருந்தேன்.

கதவைத் திறந்தவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஏழு மாத வயிறு. ஊரிலிருந்து வரும் நாத்தனார் முறை என்று சொன்னதும் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்தாள். தாய் தகப்பன் இல்லாதவளாம், பெரியம்மா வீட்டில் வளர்ந்தவளாம். டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

"உம் பேரு இதுதானா, இல்ல வீட்டுல கூப்பிடறதா?" என்றேன்.

"எனக்கு வேற பேருக்கா. கல்யாணத்தப்போ அவங்கதான் இதை வெச்சாங்க. அவங்க வீட்டு வழக்கமாமே?" என்று வெட்கத்தோடு சிரித்தாள். "எனக்கும் புடிச்சுப்போச்சு. நல்ல பேருதானே?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் போயிற்று என்று பிறகு சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

"எங்க பிரசவம்?"

"இங்கயே ஸ்டேஷன் ஆஸ்பத்திரியிலக்கா. கார்டு போட்டாச்சு." காட்டினாள். என் பெயர்.

அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. இப்போதே புகார் எழுதினால், அவளைத் தங்கை என்பான், விருந்தாளி என்பான், ராத்திரியோடு ராத்திரியாக வெளியேற்றிவிடுவான். பிள்ளை பிறக்கட்டும். தாய் என்று என் பெயரைப் போட்டு அரசாங்கம் ஒரு சான்று கொடுக்கட்டும். அதே தேதியில் நான் திருவண்ணாமலை தாலுகா ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பேன். பிறகு அவன் எந்த வழியாகத் தப்புவான் பார்க்கலாம்.

"நா வந்தது அண்ணனுக்குத் தெரிய வேணாம்மா. வீட்டுல கொஞ்சம் மனஸ்தாபம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையாட்டினாள். சொல்லவும் இல்லை. நல்ல பெண்.

மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட ஆபீசுக்கு லீவு போடவில்லை. இடையில் அவன் கடிதம் வந்தது, அஸ்ஸாமில் பயங்கர மழை என்று. நானும் பதில் எழுதினேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

பிறகு மனுவை டைப் செய்தேன். எழுத்து ஒன்று பிசகவில்லை. அவனுடைய பிரிவு அதிகாரிக்கு அனுப்பவில்லை, தளத்துக்கும் அனுப்பவில்லை. நேராக டெல்லித் தலைமையகத்துக்கு. டெல்லி பெங்களூரைக் கேட்டது, பெங்களூர் தளத்தைக் கேட்டது, தளம் அவனைக் கேட்டது. ஒவ்வொரு படியிலும் ஒரு முத்திரை, ஒரு கெடு. பெங்களூரிலிருந்து வந்த பெரியவர் பாராட்டினார் என்று எழுதினானே, அதே பெங்களூரிலிருந்துதான் ஓலை இறங்கியது. அவனோடு சேர்ந்து டீ குடித்த எந்தக் கிளார்க்காலும் அதை அமுக்க முடியவில்லை.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் காத்திருந்தபோது அவன் பக்கத்தில் வந்து நின்றான். மூன்று நாள் தாடி.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு, நீதான் இங்க இருந்தேன்னு. கொழந்த உன்னோடதுன்னு. மீதிய நா பாத்துக்கறேன். உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"அஸ்ஸாம்ல மழ நின்னுடுச்சுங்களா?" என்று கேட்டேன்.

உள்ளே அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். இந்தக் குவார்ட்டர்ஸில் எப்போதாவது வசித்தீர்களா? இந்தப் பெண் குழந்தை தங்களுடையதா? இரண்டுக்கும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தளத்துக்கு ஒன்று, கமாண்டுக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என நான்கு பிரதி. கார்ப்பரல் என்று காட்டும் அவன் கைப்பட்டை போயிற்று, வேலை போயிற்று. டிஸ்மிஸ் என்று காகிதம் வந்த அன்று சின்னக்கடைத் தெருவில் அரைக் கிலோ ஜிலேபி வாங்கித் தனியாகத் தின்றேன். "எம் புள்ள சோத்துல மண்ணப் போட்டுட்டியேடி" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போய்விட்டேன். அவன் வடக்கே எங்கோ ஓடிப்போனான் என்று கேள்வி. இரண்டு பேரையும் விட்டுவிட்டுத்தான்.

ஐந்தாறு வருஷம் கழித்து அவள் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகியிருந்தது. அவள் பாதியாகியிருந்தாள். சென்னையில் ஒரு விடுதியில் ஆயாவாம். அங்கேயே மகளைச் சேர்க்க வேண்டும், தகப்பன் இல்லாததால் தாய் யார் என்று காட்டச் சொல்கிறார்களாம். பிறப்புச் சான்றில் தாய் என்று இருப்பது என் பெயர். அதை மாற்ற, 'இந்தக் குழந்தை என்னுடையது அல்ல' என்று நான் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாசகம் எழுதிய தாளையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"நீங்க யாருன்னு அப்ப தெரியலக்கா. தெரிஞ்சிருந்தா டீயக் குடுக்காம உங்க கால்ல விழுந்திருப்பேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

என்னிடம் என் பிரதி இருந்தது. பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்து டைப் செய்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது, 'எனக்கும் புடிச்சுப்போச்சு' என்று சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. அவன் கிடைக்காத கோபத்துக்கு அவள் கிடைத்தாள். "தாள்ல வாசகம் சரியில்ல. வேற வாங்கிட்டு அடுத்த திங்கக்கெழம வா" என்றேன். ஒரு நாள் கூலி விட்டு, பஸ் பிடித்து, திங்கட்கிழமை வந்தாள். "இன்னிக்கு நோட்டரி இல்ல. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன். நோட்டரி எதிர்ச்சாரியில்தான் உட்கார்ந்திருந்தார். அவளும் பார்த்தாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது திங்கட்கிழமைக்கு நான் எல்லாவற்றையும் டைப் செய்து தயாராக வைத்திருந்தேன். அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எந்த விடுதி என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்றும் நான் கேட்டதில்லை. விமானப்படையில் ஒரு ஆள் எந்த மூலைக்கு மாற்றலாகிப் போனாலும் என்னால் தேடிப் பிடிக்க முடியும். அவளைத் தேட எந்த அலுவலகத்துக்கு எழுதுவது?

எனக்கு வேறு கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. அவள் மகளுக்கு இப்போது கல்யாண வயது தாண்டியிருக்கும். எங்கே விண்ணப்பம் போட்டாலும் அந்தச் சான்றைத்தான் காட்டியாக வேண்டும். தாயின் பெயர் என்ற இடத்தில் என் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருப்பாள்.