குறுக்குவழி போட்ட கரண்டி

பல்பு பளீரென்று எரிந்தது. உடனே அணைந்தது.

"என் ஆர்கனை மாட்டியிருந்தா?" என்றான் கைஸ்.

"மாட்டலியே தம்பி. அதுக்குத்தானே முதல்ல பன்னிரண்டு வோல்ட் பல்பு."

மின்சாதனம் பழுதுபார்க்கும் ஃபாலிஹ் உஸ்தாவிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும். பாபுஷ் ஷர்கி சந்தையில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அடுத்த கடை என்னுடையது, பேட்டரி விற்கிறேன். தன் தவறு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கைஸ் கல்யாணங்களில் ஆர்கன் வாசிப்பவன். மறுநாள் ஒரு கல்யாணம். தெருவுக்கே மின்சாரம் தரும் ஜெனரேட்டரில் வோல்ட் ஏறி இறங்கியதில் அவனுடைய அடாப்டர் எரிந்துபோயிருந்தது. வாசிக்காவிட்டால் பெண் வீட்டார் ஆர்கன் வாசிக்கும் அவன் மைத்துனனைக் கூப்பிடுவார்கள். ஆர்கனுக்குப் பன்னிரண்டு வோல்ட் போதும். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ஜீனர் டயோடு, ஒரு ரெசிஸ்டர் வைத்து உஸ்தா புதிதாக ஒன்று கட்டியிருந்தார்.

"ஜீனர் போலி," என்று மாற்றினார். அடுத்த பல்பும் போயிற்று.

"டிரான்சிஸ்டரும் போலி."

"அப்போ உஸ்தா மட்டும்தான் அசலா?" என்றான் கைஸ்.

டிரான்சிஸ்டரை முடுக்கியிருந்த அலுமினியத் தகடு சூடாக இருக்கும். தேநீர் ஆறாமலிருக்க உஸ்தா குவளையை அதன்மேல்தான் வைப்பார். நான் எட்டிப் பார்த்தேன்.

"உஸ்தா, உங்க டீக் கரண்டி எங்க கிடக்குது பாருங்க."

தகட்டில் கிடந்தது. அதன் வால் வெளியே போகும் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வரும் இருபது வோல்ட்டும் தகட்டில்தான் நிற்கும்; அது கரண்டி வழியே நேராகப் பல்புக்குப் போயிருந்தது.

உஸ்தா மெதுவாகக் கரண்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"டிரான்சிஸ்டர் ஒரு கதவு. கரண்டி சுவத்துல ஓட்டை போட்டா கதவு என்ன பண்ணும்?"

"கதவை யாரு திறந்து மூடுறா?" என்றான் கைஸ்.

"ஜீனர் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேல ஒரு அளவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். வெளிய வோல்ட் குறைஞ்சா அந்த அளவுக்கும் அதுக்கும் இடைவெளி பெருசாகும், கதவு இன்னும் திறக்கும். கூடுனா இடைவெளி சுருங்கும், கதவு ஒடுங்கும்."

"மிச்ச எட்டு வோல்ட்?"

"சூடாப் போகுது. அதுலதான் நான் டீ குடிக்கிறேன்."

மூன்றாவது பல்பு மாட்டப்பட்டது. கைஸ் இரண்டு மீட்டர் வைத்தான். ஜெனரேட்டர் முனகியபோது உள்ளே பதினாறு, துள்ளியபோது இருபத்தொன்று. வெளியே பன்னிரண்டு, அசையவில்லை. அரை மணி நேரம் பார்த்தான்.

"நாளைக்கு நீங்களும் வந்து இது பக்கத்துல உக்காரணும்."

"சாப்பாடு உண்டா?"

"கையால சாப்பிடுறது மட்டும்."

மறுநாள் வியாழக்கிழமை. கல்யாணம் கர்ராதா பகுதியில். கைஸ் நான்கு மணி நேரம் வாசித்தான். உஸ்தாவின் கடை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை கடை விடுமுறை; அவரைத் தேடி வந்த மூன்று பேரைச் சனிக்கிழமை வரச் சொன்னேன்.