ஏதென்ஸிலிருந்து வந்த மண் தெய்வம்

ஏதென்ஸில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் என் அக்கா, ஒருமுறை லீவுக்கு வந்தபோது சின்ன சுடுமண் சிலை ஒன்று கொண்டுவந்தாள். நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண் தெய்வம். பழங்கால கிரேக்கச் சிலை ஒன்றின் நகல். அருங்காட்சியகக் கடையில் வாங்கியது. திண்டுக்கல் பள்ளியொன்றில் நான் வரலாற்று ஆசிரியை. வகுப்பில் காட்டிவிட்டு, வடமதுரையில் எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் வைத்தேன்.

அதே வீட்டில்தான் கணவரின் அண்ணனும் இருந்தார். அய்யலூர்ச் சந்தையில் குட்டிகள் வாங்கி வளர்த்து விற்பவர். அந்த மழைக்காலத்தில் அவருடைய ஆடுகள் கழிச்சல் கண்டு வரிசையாகச் செத்தன. ஆட்டுக்கொல்லி நோய் என்று டாக்டர் சொல்லியும் அவர் மனம் ஏற்கவில்லை. ஜெபக் கூட்டத்தில் யாரோ, வீட்டில் அந்நிய தெய்வம் இருப்பதால்தான் இந்தச் சாவு என்று சொல்லிவிட்டார்கள்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், நேரே சுத்தியலோடு உள்ளே நுழைந்தார்.

"அந்தப் பேயைத் தூக்கி வெளிய போடுத்தா."

"அத்தான், அது பிள்ளைகளுக்குக் காட்டுற பொம்மை. யாரும் கும்பிடல."

"இம்புட்டு உசுரு போயிருக்கு, பொம்மைங்கிற?"

எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் அடி விழுந்தது. என் விரல்கள் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. சிலை கைக்கடியில் நொறுங்கி, சில்லுகள் உள்ளங்கையில் குத்தி நின்றன. அவர் மறுபடி ஓங்கினார்.

அண்ணன் முன் குரல் உயர்த்தியே அறியாத என் கணவர் ஓடிவந்து அவரைச் சுவரோடு மோதினார். முகத்தில் குத்தினார். பல் தெறித்தும் நிறுத்தவில்லை. அவர் கையிலிருந்து விழுந்த சுத்தியலை மற்றக் கையால் எடுத்து வாசலுக்கு வீசினேன். கையில் வைத்திருந்தால் நானே அவர்மேல் போட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"விடுங்க, செத்துருவாரு!" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் உதட்டில் தையலோடு அத்தான் அழுதார். "ஒண்ணுகூடப் பிழைக்கல தாயி. புத்தி பேதலிச்சுப் போச்சு."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் போலீஸில் புகார் கொடுத்தேன். வேண்டாமென்று மாமியார் என் காலைப் பிடித்தார்.

நாங்கள் திண்டுக்கல்லுக்குக் குடிவந்துவிட்டோம். வழக்கு நடக்கிறது. மோதிர விரல் இன்னும் மடங்குவதில்லை. கணவரின் சொந்தங்களில் பாதிப்பேர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.