காயாத சிவப்பு

கூட்டேரிப்பட்டில் பேருந்தை விட்டு இறங்கி மயிலம் சாலைப் பக்கம் வீட்டுக்கு நடந்தபோது, பின்னாலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். "யம்மா, ஒரு செருப்ப வுட்டுட்டுப் போறியே!" குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், சூடு தெரியவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் மாட்டிக்கொண்டேன். அதுதான் தொடக்கம் என்று அப்போது தெரியாது.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. பாதத்தில் தொடங்கிய மதமதப்பு முழங்காலுக்கு ஏறியது. பிறகு வகுப்பில் சாக்பீஸ் விரல்களிலிருந்து தானாக நழுவி விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. என் கணவர் சேகர் அன்றே என்னை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, கில்லன்-பாரே என்றார்கள் (கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தன் நரம்புகளின் மேலுறையையே தாக்கும் நோய்). இம்யூனோகுளோபுலின் (ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏறியது. அதற்குள் என்னால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போயிருந்தது.

"நடந்துடுவீங்கம்மா. விரல் நுனிதான் கடைசியா வரும்" என்றார் மருத்துவர். "எப்போ?" என்று கேட்டேன். "நரம்பு அதுக்குத் தோணுறப்பதான் வளரும். நீங்களும் நானும் அதட்ட முடியாது" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்கள். களைப்பு வரும், வலி வரும், மனச்சோர்வு வரும் என்று அதில் இருந்தது. பொறாமை வரும் என்று இல்லை. இதைப் படிக்கிற உங்களில் யாராவது இப்போது படுக்கையில் இருந்தால் நான் சொல்கிறேன்: வரும். ஆரஞ்சுப் பழத்தைப் பேசிக்கொண்டே உரித்த நர்ஸைப் பார்த்து எரிந்தேன். ஒரு கையால் கூந்தலைச் சுருட்டிக் கொண்டை போட்ட பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்து எரிந்தேன். எல்லாரையும்விட அதிகமாக, எனக்குச் சோறு ஊட்டிய என் கணவரைப் பார்த்து எரிந்தேன்.

அவர் விழுப்புரத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். திரையில் கண்ணாடி ஒட்டினால் ஒரு குமிழி இருக்காது. பார்க்க வந்தவர்களெல்லாம் "குடுத்து வச்சவ நீ" என்றார்கள். அவர் என் தலையை வாரிப் பின்னலைப் போட்டு முடிக்கும்போது, அந்த விரல்களைக் கடித்துத் துப்பலாம்போல இருக்கும்.

கால்கள் வந்தன. சுவரைப் பிடித்து, பிறகு பிடிக்காமல் நடந்தேன். கைகளுக்குப் பலமும் ஓரளவு வந்தது. ஆனால் விரல் நுனிகள் தடித்த கையுறைக்குள் இருந்தன. "டீச்சர், நுணுக்கமா கைவேலை எதனா தெரியுமா? பூ கட்டுறது, எம்பிராய்டரி?" என்று கேட்டார் பிசியோதெரபி செய்ய வந்த பெண். எனக்கு இரண்டும் தெரியாது. தெரிந்தது பிளாஸ்டிக் கார் ஒன்றுதான்.

புதுச்சேரியில் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் அதுதான் என் பைத்தியம். உள்ளங்கை அளவுக் காரைத் துண்டுதுண்டாக ஒரு பெட்டியில் போட்டு விற்பார்கள். வெட்டி, ஒட்டி, மெல்லிய தூரிகையால் வண்ணம் பூச வேண்டும். மற்றவர்கள் ஊர் சுற்றப் போவார்கள், நான் கார் ஜன்னல் ஓரத்துக்குக் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போனது.

சேகர் ஒன்றுக்கு இரண்டு பெட்டி வரவழைத்தார், இரண்டும் ஒரே மாதிரி. "நீ ஒண்டியா குந்திக்கினு ஏன் பண்ணணும்? நானும் பண்றேன், சொல்லிக்குடு."

சொல்லிக்கொடுத்தேன். பெயிண்டைக் கெட்டியாக எடுக்கக்கூடாது, ஒரே திசையில் இழுக்க வேண்டும், இழுத்த இடத்துக்குத் திரும்பக்கூடாது. என் வாயிலிருந்து போனது அவர் கையில் அப்படியே வந்தது. அவருடைய கார் சிவப்பாகப் பளபளத்தது. கதவில் ஒட்டும் எண் ஸ்டிக்கர் அச்சடித்ததுபோல் உட்கார்ந்தது. என்னுடையதில் தூரிகை துள்ளித் துள்ளிப் போனது. சுரண்டினேன், மறுபடி பூசினேன். "முதல் தடவையே எனக்கு நல்லா வந்துருச்சில்ல?" என்று அவர் கேட்டபோது எழுந்து கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்தக் காரை ஒழுங்காக முடித்தால்தான் மறுபடி கரும்பலகையில் எழுதுவேன் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு கடைசிப் பூச்சைப் போட்டேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அது. மழைக்காற்று, பெயிண்ட் காயவில்லை. ஆனால் நன்றாக வந்திருந்தது. நன்றாகவே வந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்து வந்தேன். கடைக்குப் பூஜை போட்டுவிட்டு வந்த சேகர், வீட்டில் ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். மேசைமேல் இரண்டு கார்களின் சக்கரத்தடியிலும் எலுமிச்சைத் துண்டுகள். அவருடைய கார் பொட்டோடு ஜம்மென்று நின்றது. என் காரின் பானெட்டில் பொட்டு இல்லை, பெயிண்டும் இல்லை. பிளாஸ்டிக் இளகி, ஒரு கட்டைவிரல் அளவுக்குப் பள்ளமாகியிருந்தது.

"வண்டின்னா பொட்டு வெக்காம எப்டின்னு வெச்சேன். ஈரத்துல பதிஞ்சிருச்சி. நீ எழுந்திரிக்கறதுக்குள்ள ஜல்தியா எடுத்துரலாம்னு கடை தின்னரப் போட்டுக் கட்டைவெரலால அழுத்தித் தொடச்சேன்…" என்றார். செல்போனில் பசை எடுக்கிற தின்னர். பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும்.

என் கண்ணீர் மேசையில் சொட்டியது. அவர் தன் காரை என் பக்கம் தள்ளினார். "அழாத மாலா. இத நீ வெச்சுக்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "உங்க வண்டி எனக்கு எதுக்குங்க? உங்க கைதான் எனக்கு வேணும். கழட்டிக் குடுப்பீங்களா? நீங்க பொத்தான் போடுறத, சில்லறை எண்ணுறத, ஒன்னொன்னையும் பாத்துக்கினு வெந்து சாவுறேன் நான்!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் தன் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதைப் பார்த்து எனக்கு இன்னும் அழுகை வந்தது.

அதன்பின் சில நாட்கள் என்முன்னால் சட்டை போட்டுக்கொள்ளக்கூட அவர் தயங்கினார். தயங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் காரை ஓர் அட்டைப்பெட்டியால் மூடி வைத்தேன். இளகிய பிளாஸ்டிக் இறுகும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

மழை விட்டபின் ஒரு காலை பெட்டியைத் திறந்தேன். பள்ளத்தை நிரப்பும் முன், தண்ணீரில் நனைத்த நைஸ் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஆள்காட்டி விரலால் தடவினேன்.

கோடுகள். மெல்லிய, வளைந்த கோடுகள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தடவினேன். அவருடைய கட்டைவிரல் ரேகை பிளாஸ்டிக்கில் அப்படியே பதிந்திருந்தது. கையுறைக்குள் இருந்த என் விரலுக்கு அது ஒவ்வொரு வரியாகத் தெரிந்தது.

"இங்க வாங்க, உங்க கையக் குடுங்க" என்றேன். தேநீரை வைத்துவிட்டுப் பயந்துகொண்டே நீட்டினார். அவர் கட்டைவிரலைத் தடவினேன். அதே கோடுகள்.

"இன்னா மாலா?"

"தெரியுதுங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்தபின் கையை எடுக்கவில்லை. தேநீர் ஆறிப்போனது.

அந்த ரேகையை அப்படியே விட்டுவைத்திருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். தேய்த்துவிட்டேன். வண்டி என்னுடையது. பொறாமையும் போய்விடவில்லை. அவர் ஸ்டிக்கர் ஒட்டும்போது இன்றும் சுருக்கென்கிறது, ஆனால் இப்போது அதை வாய்விட்டுச் சொல்கிறேன். "பொறாமை புடிச்சவளே" என்று அவர் சிரிக்கிறார். கரும்பலகைக்குத் திரும்பிவிட்டேன். என் எழுத்து முன்பைவிடப் பெரிது, கோணல். பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள்.

பானெட்டுக்குப் புதுச் சிவப்பு பூசியிருக்கிறேன். முன்பெல்லாம் எப்போது, எப்போது என்று மருத்துவரைப் பிடுங்கி எடுத்தவள் நான். இப்போது அவசரம் சேகருக்குத்தான். "காஞ்சிருச்சா? பொட்டு வெக்கலாமா?" என்று தினமும் கேட்கிறார்.

பானெட்டில் யாருக்கும் தெரியாத அடி விளிம்பில் விரல் நுனியால் தொட்டுப் பார்க்கிறேன். இன்னும் இல்லை என்கிறேன். லேசாக ஒட்டுகிறது. ஒட்டுவது எனக்குத் தெரிகிறது.